தொட்டியில் விழுந்த போன்

"முன் சக்கரம் உருளுதா, உருளலையா? அத மட்டும் சொல்லுங்க சார். மத்தத நான் பாத்துக்கறேன்."

போனை எடுத்ததும் கன்ட்ரோல் கேட்கும் முதல் கேள்வி இதுதான். மறுமுனையில் நடுரோட்டில் நின்றுபோன ஒரு வண்டி இருக்கும். அதற்குப் பக்கத்தில், அதைவிடச் சூடாகிப்போன ஒரு மனுஷர் இருப்பார். அவர் கத்துவார். கன்ட்ரோல் கத்தவிடுவார். கத்தி ஓய்ந்ததும், "சரி, இப்ப சக்கரத்துக்கு வருவோமா?" என்பார். சக்கரம் உருண்டால் கொக்கி மாட்டி இழுத்துவரும் ரெக்கவரி வண்டி போதும். உருளாவிட்டால் அப்படியே தூக்கி முதுகில் ஏற்றிக்கொள்ளும் பெரிய வண்டி போக வேண்டும். எந்த வண்டி எந்த மூலையில் நிற்கிறது, எந்த டிரைவர் இப்போது சாப்பிட உட்கார்ந்திருக்கிறார், எந்தப் பாலத்துக்குக் கீழே உயரமான வண்டி நுழையாது, எல்லாம் அவர் மண்டைக்குள் இருந்தது. மேஜையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. இருந்தாலும் பிரயோஜனமில்லை. அவருக்குக் கண் தெரியாது.

ஒருகாலத்தில் அவரே ரெக்கவரி வண்டி ஓட்டியவர்தான். கண்ணில் வந்த நோய் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருட்டிக்கொண்டு போனபோது ஸ்டியரிங்கை விட்டார். ரோட்டை விடவில்லை. வீட்டு முன்னறையில் ஒரு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு பட்டன் போன். அதுதான் ரெக்கவரி வண்டி ஷெட்டின் கன்ட்ரோல் ரூம். அதனால் அவரும் கன்ட்ரோல். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா இருப்பார்.

அறையின் மறுபாதி அவர் மனைவியுடையது. கார்களுக்கும் வேன்களுக்கும் சீட் கவர் தைக்கிற கை. தெருவே அவரை அண்ணி என்றுதான் கூப்பிடும். சுவரோரம் ரெக்ஸின் சுருள்கள், மூலையில் ஸ்பான்ஜ் அடுக்கு, எந்நேரமும் மூக்கில் ஏறும் பசை வாசம். தடித்த ஊசி போட்ட மோட்டார் மெஷின் ஓடினால் ஜன்னல் கம்பி அதிரும். போன் அடித்தால் மெஷின் நிற்கும். போனை வைத்தால் மெஷின் ஓடும். அண்ணியின் கால் தானாகவே பழகிவிட்டிருந்தது. அவர் ஒரு சீட் கவரை வாய் மூடித் தைப்பதற்குள் கன்ட்ரோல் நாலைந்து வண்டிகளைக் கரை சேர்த்திருப்பார்.

அந்தப் போனைப் பற்றி இங்கேயே சொல்லியாக வேண்டும். ஷெட்டுக்குப் புதிதாக எந்த டிரைவர் வந்தாலும் முதலில் கன்ட்ரோலிடம் கூட்டி வருவார்கள். அவர் போனை நீட்டுவார்.

"கையில புடிச்சுப் பாருப்பா. என்ன தெரியுது?"

"பழைய போனுண்ணே."

"பழைய போனா! மாடித் தண்ணித் தொட்டியில ராத்திரி பூரா முங்கிக் கெடந்த போனுப்பா இது. எனக்குக் கண்ணு போன புதுசு. தொட்டியில தண்ணி எவ்வளவு இருக்குன்னு தட்டிப் பாக்கக் குனிஞ்சேன். சட்டைப் பையிலேர்ந்து டொபுக்! விடிஞ்சு எடுத்தா பொணம். இந்த ஒரு போன வச்சுத்தான் முதலாளி எனக்கு இந்த வேலையே குடுத்திருந்தாரு. அதுவும் போச்சா, சரி, நம்ம கதையும் முடிஞ்சுதுன்னு போய்ப் படுத்துட்டேன். வேற போன் வாங்கலாம்னு இவ சொல்றா. வேணாம்டி, நானும் அதுவும் ஒண்ணாவே போறோம்னுட்டேன். இவ அதத் தூக்கி அரிசி டின்னுக்குள்ள போட்டா. கொஞ்ச நாள் கழிச்சு, காதுக்குப் பக்கத்துல மணி அடிக்குது! என் போனு! எந்திரிச்சு உக்காந்துட்டேன். ஒரு பட்டன் போனே தண்ணியிலேர்ந்து எந்திரிச்சு வருதாம், எனக்கு மட்டும் என்ன கேடுன்னு அன்னிக்கு உக்காந்தவன்தான். இன்னும் படுக்கல."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, பெரிய ரகசியம் போலச் சொல்வார்: "அதுக்கு முன்னாடி கொஞ்சம் கரகரன்னு பேசும். தண்ணி பட்டப்புறம் தொண்டையே சுத்தமாயிடுச்சு!"

சரியாக இந்த இடத்தில்தான், ஒவ்வொரு தடவையும், அண்ணியின் மெஷின் படபடவென்று ஓட ஆரம்பிக்கும்.

அது பேசும் போன். ஒவ்வொரு பட்டனை அமுக்கும்போதும் அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லும். யார் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லும். பட்டன்களில் அச்சு எல்லாம் தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருந்தது. முதுகில் ஒரு நீளக் கீறல், கீழ் மூலையில் உடைந்த இடத்தில் அண்ணி ஒட்டிய ஒரு நகத்தளவு ரெக்ஸின். ஒரு பட்டனை அமுக்கிப் பிடித்தால் ஒரு டிரைவர். கன்ட்ரோலின் கட்டைவிரலுக்கு அந்தப் போன் இன்னொரு ஊர். சந்துபொந்தெல்லாம் அத்துப்படி.

வந்தது வினை. அந்தப் போனையும் சிம்மையும் விற்ற கம்பெனி இந்தப் பக்கத்தில் கடையை மூடுகிறதாம். சிக்னலை நிறுத்தப்போகிறதாம். நம்பரை மட்டும் வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

"நம்பர் மாறாதுல்ல?" என்றார் கன்ட்ரோல்.

"மாறாதுப்பா. சிம்தான் மாறும்," என்றாள் மகள்.

மகள் மெயின் ரோட்டில் ஒரு போன் கடையில் வேலை செய்கிறாள். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்கிற வயசு. ஆனாலும் ஷெட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். அதில் அவளுக்குக் கடுப்பு உண்டு. கடையில் அவள் நிலைமையே வேறு. வெளியூரிலிருந்து வந்த போன், வேறு சிம் ஏற்காத போன் என்று எது வந்தாலும் கடை முதலாளி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அந்தப் பொண்ணுகிட்ட குடுங்க" என்பார்.

"உள்ள ஒரு பூட்டு இருக்குப்பா இதுல," என்று அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். "அப்ப இந்தக் கம்பெனிக்காரன் போனச் சல்லிசாக் குடுத்தான்ல? சும்மா குடுப்பானா? எங்க சிம்மத் தவிர வேற எதுவும் ஓடக்கூடாதுன்னு பூட்டித்தான் குடுத்திருக்கான். அதத் தெறக்க ஒரு கோடு நம்பர் இருக்கு. இப்ப கடைய மூடறதால கேட்டா குடுத்துருவான். போனோட ஐ.எம்.இ.ஐ. நம்பர் மட்டும் வேணும்."

"அது என்ன, ஜாதகமா?"

"கிட்டத்தட்ட. ஒவ்வொரு போனுக்கும் ஒரு நம்பர். உலகத்துலயே அந்த ஒரு போனுக்குத்தான் அந்த நம்பர். அத வச்சுத்தான் கோடு போடுவாங்க."

"எழுதிக்கோ," என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு கடகடவென்று பதினைந்து எண்களையும் சொல்லி முடித்தார். போன் வாங்கிய அன்றைக்கே, திருடு போனால் போலீசில் சொல்ல ஆகும் என்று, அட்டைப் பெட்டியைப் பார்த்து மனப்பாடம் செய்தாராம். அப்போது கண் இருந்தது.

மகள் பேட்டரியைக் கழற்றி உள்ளே ஒட்டியிருந்த ஸ்டிக்கரோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். ஓர் எண் பிசகவில்லை.

"அப்பா, நீங்க மனுஷனே இல்லப்பா."

"கன்ட்ரோல்!" என்றார் அவர். முகம் பூரித்துப்போயிருந்தது. அண்ணி மெஷினில் குனிந்தபடி தையலைத் தொடர்ந்தார். அவருக்கு அந்த எண்ணைப் பற்றி அப்போது எதுவும் தோன்றவில்லை.

கோடு வந்தது. நம்பர் மாறுகிற நாளும் வந்தது. அன்றைக்கென்று பார்த்து விடிந்ததிலிருந்து வானம் மூடிக்கிடந்தது. மகள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, புது சிம்மைப் போட்டுப் போனை ஆன் செய்தாள். பூட்டைத் திறக்கும் நம்பரைப் போன் கேட்டது. கோடு நம்பரை அடித்தாள்.

தப்பு என்றது போன்.

அவள் கம்பெனிக்குப் பேசினாள். அவர்கள் அதே கோடைத் திரும்பச் சொன்னார்கள். ஒவ்வொரு எண்ணாக, ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரி நிதானமாக அடித்தாள்.

மறுபடியும் தப்பு. இன்னும் ஒரு தடவைதான் அடிக்கலாம் என்று திரையில் வந்தது.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மழை என்றால் வண்டிகள் நிற்கும். வண்டிகள் நின்றால் கன்ட்ரோல் ஓட வேண்டும். ஈரத்தோடு உள்ளே வந்தான் கொக்கி. ரெக்கவரி வண்டி டிரைவர்களிலேயே மூத்தவன். கொக்கி மாட்டுவதில் அவனை அடிக்க ஆளில்லை என்பதால் அந்தப் பெயர்.

"அண்ணே, சிம்ம என் போன்ல போடுங்க. ஒரு நாளைக்குத்தானே."

போட்டார்கள். கொக்கியுடையது தொடுதிரை போன். கன்ட்ரோல் கண்ணாடியில் விரலை வைத்தார். எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை. வந்த முதல் அழைப்பைக் கட் செய்தார். இரண்டாவது ஆளைக் காத்திருக்க வைத்துவிட்டு, தெரியாமல் கொக்கியின் மாமியாரைக் கூப்பிட்டுவிட்டார். அந்த அம்மா, "மாப்ள, இப்பவாவது ஞாபகம் வந்துச்சே!" என்று ஆரம்பித்தது.

"முன் சக்கரம் உருளுதாம்மா?" என்று கேட்டுவிட்டார் கன்ட்ரோல்.

கொக்கி பாய்ந்து பிடுங்கி வைத்தான். மகள் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் அதற்குப் பிறகு கொக்கியே பக்கத்தில் நின்று போனை எடுத்து, அவர் காதில் பிடிக்க வேண்டியதாயிற்று. யாராவது வாயில் சோறு ஊட்டுகிற மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு கன்ட்ரோல் பேசினார்.

கொஞ்ச நேரத்தில் ஷெட் முதலாளியே லைனில் வந்தார்.

"கன்ட்ரோலு, மழையில ஒரு டிரைவர உக்கார வச்சுப் போன் புடிக்கச் சொல்றியாமே? இது நல்லாவா இருக்கு? ஒரு கால் சென்டர்காரன் ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டு இருக்கான். இன்னிக்குள்ள நீ பழையபடி தனியாப் பேசலன்னா, நாளைக்கு அவன்கிட்டதான் லைனக் குடுக்கணும். தப்பா நெனைக்காத."

"இன்னிக்குள்ள ஆயிடும் முதலாளி."

"பேசற பட்டன் போனு வேற வாங்கேன்?"

"பாத்துட்டேன் சார்," என்று மகள் எட்டிச் சொன்னாள். "இப்ப அது வர்றதே இல்ல. வெளியிலேர்ந்து வரவழைச்சா வாரக்கணக்காகும்."

லைன் ஓய்ந்தது. கன்ட்ரோல் சிம்மைத் தன் போனிலேயே போடச் சொல்லி, போனைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"பாப்பா, நீ தப்பா அடிச்சிருப்ப."

"என்னது?"

"அவசரத்துல ஒரு எண்ணு முன்னபின்ன போயிருக்கும். எல்லாருக்கும் வர்றதுதான்."

"அப்பா. ஊர்ல இருக்கற பூட்டு போனெல்லாம் என் கையிலதான் வருது. ரெண்டு தடவையும் ஒவ்வொண்ணாப் பாத்து அடிச்சேன்."

"பூட்டுல இருக்கும்போது இந்தப் போன் வாயத் தெறக்கல. பேசியிருந்தா நானே கேட்டுச் சொல்லியிருப்பேன். கம்பெனிக்காரன் தப்பாக் குடுக்க மாட்டான். நான் சொன்ன நம்பர் தப்பா இருக்க முடியாது. அப்ப மிச்சம் யாரு?"

மகளின் முகம் சுருங்கிவிட்டது. கொக்கி இடையில் வந்தான்.

"அண்ணே, பாப்பா பாவம்ணே..."

"நீங்க சும்மா இருங்க கொக்கிண்ணா," என்றாள் அவள். "கோடு சரி. அடிச்சதும் சரி. அப்ப ஒண்ணே ஒண்ணுதான். அந்த நம்பர் இந்தப் போனோடது இல்ல."

"ஸ்டிக்கர்ல அதானே இருக்கு?" என்று கேட்டது அண்ணி. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஸ்டிக்கர் வெளிக்கூட்டுல ஒட்டறதும்மா. நெஜமான நம்பர் உள்ள போர்டுலதான் இருக்கு. போர்ட மாத்திட்டா நம்பரும் மாறிடும். கடையில தெனம் பாக்கறேன், கூடு ஒருத்தனோடது, உள்ள இருக்கறது இன்னொருத்தனோடது. ஸ்டிக்கரப் பாத்ததும் போதும்னு விட்டது என் தப்பு. சிம்மக் கழட்டிட்டு ஆன் பண்ணி, ஸ்டார் ஹேஷ் ஜீரோ ஆறு ஹேஷ் அடிச்சா உள்ள இருக்கற நம்பர் வந்துரும். ஒரு நிமிஷம் குடுங்கப்பா."

மெஷின் நின்றது. போன் எதுவும் அடிக்கவில்லை. ஆனாலும் நின்றது.

கன்ட்ரோல் சிரித்தார். "போர்டு மாத்தறதா? இது ஸ்க்ரூ டிரைவரையே பாக்காத போனும்மா. தண்ணியவே ஜெயிச்சுட்டு வந்தது. என் ஞாபகத்தச் சந்தேகப்படு, பரவால்ல, இந்தப் போனச் சந்தேகப்படாத. கொக்கி, கோடப் படி. நானே அடிக்கறேன்."

"அப்பா, கடைசி தடவப்பா இது! தப்பாப் போச்சுன்னா உள்ள மொத்தமாப் பூட்டிக்கும். அப்புறம் யாராலயும் தெறக்க முடியாது."

"தப்பா அடிச்சாத்தானே? படிடா."

கொக்கி மகளைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான், மகள் கோடு எழுதி வைத்திருந்த சீட்டைப் பார்த்தான். தொண்டையைக் கனைத்துக்கொண்டு முதல் எண்ணைப் படித்தான். கன்ட்ரோலின் கட்டைவிரல் இறங்கியது. இரண்டாவது. மூன்றாவது.

"நிறுத்துங்க!"

அண்ணி எழுந்திருந்தார். மடியிலிருந்த ரெக்ஸின் துண்டு கீழே விழுந்தது.

"அவ சரியாத்தான் அடிச்சா. அந்தப் போன் செத்துப்போச்சுங்க."

"எந்தப் போனு?"

"உங்க போனு. தொட்டியில விழுந்த அன்னிக்கே. அரிசி டின்னுன்னு சொன்னதெல்லாம் சும்மா. கடையில கொண்டுபோய்க் குடுத்தேன். உள்ள பச்சையாப் பூத்துப் போச்சு, உசுரு இல்லம்மான்னுட்டான். அதே மாதிரி ஒண்ணு வாங்கி, அதுக்குள்ள இருந்தத எடுத்து உங்க கூட்டுக்குள்ள வைக்கச் சொன்னேன். கீறலு, தேஞ்ச பட்டனு, நான் ஒட்டின துண்டு, எல்லாம் அப்படியே இருக்கணும்னு நின்னு பாத்து வாங்கிட்டு வந்தேன். எந்தப் பட்டன்ல எந்த டிரைவருன்னு ஒவ்வொண்ணா நானே போட்டேன்."

கொக்கி தரையில் எதையோ தேடுகிறவன் மாதிரி குனிந்துகொண்டான்.

"ஏன் சொல்லல?" என்றார் கன்ட்ரோல். அது அவர் குரல் மாதிரியே இல்லை.

"எப்படிச் சொல்றது? வேற போன் வேணவே வேணாம்னு செவத்துப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தீங்க. அன்னிக்கு உங்களுக்குத் தேவைப்பட்டது போன் இல்லைங்க. எந்திரிச்சு வந்த போனு. அப்புறம் நீங்க எந்திரிச்சு உக்காந்தீங்க, எல்லார்கிட்டயும் சொன்னீங்க, சொல்லும்போது உங்க மொகத்தப் பாத்தேன். அதுக்கப்புறம் எனக்கு வாய் வரல. ஆனா பொண்ணு மேல பழி விழும்போது என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது. அவ கை தப்பு பண்ணாது."

கன்ட்ரோலின் கட்டைவிரல் அந்தக் கீறலை மேலிருந்து கீழே தடவியது. மகள் மெதுவாகப் போனை அவர் கையிலிருந்து எடுத்தாள். சிம்மைக் கழற்றி, ஆன் செய்து, எண்ணை அடித்தாள். திரையில் வந்த நம்பர் முழுக்க வேறு.

"யார் பேர்ல வாங்கினம்மா?"

"என் பேர்லதான்."

"அப்ப நீதான் கேக்கணும்."

மகளின் போனிலிருந்து அண்ணி கம்பெனிக்குப் பேசினார். தன் பெயரைச் சொன்னார். அந்த வீட்டில் யாரும் கேட்டு ரொம்ப நாளான பெயர். "ஆமாங்க, அது என் போனுதான்" என்று அவர் சொன்னபோது கன்ட்ரோலின் தலை லேசாகத் திரும்பியது. சாயந்தரத்துக்குள் கோடு மெசேஜில் வரும் என்றார்கள்.

சிம் மறுபடி கொக்கியின் போனுக்குப் போயிற்று. மழையோ வலுத்துக்கொண்டே போனது. ரோடெல்லாம் தண்ணீர் என்று டிரைவர்கள் சொன்னார்கள். அழைப்பு மேல் அழைப்பு. கன்ட்ரோல் எல்லாவற்றையும் செய்தார், ஆனால் உப்பில்லாமல் செய்தார். "உருளுதா. சரி. வரும்." அவ்வளவுதான். ஒரு டிரைவர், "அண்ணே, காய்ச்சலா?" என்றே கேட்டுவிட்டான்.

அன்றைக்குத்தான் புதிதாக ஒரு டிரைவர் சேர்ந்திருந்தார். இத்தனை வருஷம் பஸ் ஓட்டிவிட்டு வந்தவர். கன்ட்ரோலை இன்னும் பார்க்கவில்லை, குரல்தான் பழக்கம். மழையில் திசை தெரியாமல் எங்கோ மாட்டிக்கொண்டு கூப்பிட்டார்.

"எங்க நிக்கறேன்னே தெரியலங்க. முன்னாடி ஒண்ணும் தெரியல."

"எனக்கும்தான் தெரியல. அதனால என்ன? டயர்ல சத்தம் எப்படி வருது? கல்லு சத்தமா, தார் சத்தமா?"

"கடகடன்னு வருதுங்க. கல்லு பதிச்ச மாதிரி."

"இரும்பு அடிக்கற சத்தம் கேக்குதா?"

"ஆமாங்க, எடது பக்கம்!"

"அது வெல்டிங் பட்டறை. பட்டறைய எடப்பக்கம் விட்டுட்டு மேட்டுல ஏறுங்க. ஏறி எறங்கினதும் நம்ம பார்ட்டி நிக்கறான்."

கொக்கி போனைப் பிடித்திருந்த கை மரத்துப்போய் அடுத்த கைக்கு மாற்றினான். அண்ணி சோறும் அவித்த முட்டையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். தட்டின் சத்தம் கேட்டும் கன்ட்ரோல் கை நீட்டவில்லை. அடுத்த அழைப்பு வந்துவிட்டது.

பேசியவர் தண்ணீருக்குள் காரை விட்டுவிட்டு, பக்கத்துக் கடை வாசலில் ஏறி நின்றவர். "ரொம்ப நேரமாக் காத்திருந்தேங்க. காஞ்சதும் தானா ஸ்டார்ட் ஆயிடும்னு பாத்தேன்."

"தண்ணிக்குள்ள நின்னது தானா எந்திரிக்காது சார்," என்றார் கன்ட்ரோல். ஆயிரம் தடவை சொன்ன பதில். "யாராவது போய்த்தான் தூக்கணும்."

சொல்லிவிட்டு நின்றுவிட்டார்.

"ஹலோ? ஹலோ, இருக்கீங்களா?"

"இருக்கேன் சார். ஆள் அனுப்பறேன். கவலைப்படாதீங்க, தூக்கிட்டு வந்துருவாங்க."

கொக்கி போனை இறக்கினான். மெஷின் ஓடவில்லை. அண்ணி கையில் நூல் கண்டோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். கன்ட்ரோல் கையை நீட்டித் தட்டைத் தேடி, முட்டையை எடுத்துக் கடித்தார்.

"உப்பு கம்மி," என்றார்.

"அதெல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றார் அண்ணி.

மழை விட்டுத் தூறலானபோது மகளின் போனில் மெசேஜ் வந்தது. அவள் சிம்மை மாற்றி, போனை ஆன் செய்து, அப்பாவின் கையில் வைத்தாள்.

"கோடு வந்துடுச்சு. நான் படிக்கறேன், நீங்களே அடிங்க. அப்புறம் என் மேல சொல்லக்கூடாது."

கன்ட்ரோல் போனை அவளிடமே திருப்பி நீட்டினார்.

"நீ அடி. ஊரு பூட்டெல்லாம் தெறக்கற கை. நீ அடிச்சா அடிச்சதுதான்."

அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு குனிந்து அடித்தாள். இந்த முறை சத்தமாகச் சொல்லிக்கொண்டே அடித்தாள், போன் பேசாததை அவள் பேசினாள். கடைசி எண்ணுக்கு முன்னால் மட்டும் மூச்சை இழுத்துக்கொண்டாள். கொக்கி கண்ணை இறுக்க மூடிக்கொண்டான்.

டிங் என்றது. திரை வெளுத்தது. சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக எழும்பின.

"தெறந்துடுச்சு!" என்று கொக்கிதான் முதலில் கத்தினான்.

கன்ட்ரோல் போனை வாங்கி ஐந்தாம் பட்டனை அமுக்கினார். "ஐந்து," என்றது போன். சுத்தமான தொண்டை. மறுபடி அமுக்கினார். "ஐந்து."

"இத அப்பவே கண்டுபிடிச்சிருக்கணும் நான்," என்றார். "இஞ்சினோட சத்தத்த வச்சு எந்த வண்டின்னு சொல்றவன், இதப் போய்த் தண்ணி கழுவிடுச்சுன்னு நம்பியிருக்கேன் பாரு."

"நீங்க நம்பணும்னுதானே அத்தன பாடு பட்டேன்," என்றார் அண்ணி.

கன்ட்ரோல் ஒரு பட்டனை அமுக்கிப் பிடித்தார். முதலாளி எடுத்தார்.

"முதலாளி, கன்ட்ரோல் பேசறேன். என் கையால, என் போன்ல, தனியா. கொக்கிய வண்டிக்கு அனுப்பறேன். அந்தக் கால் சென்டர்காரன்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க. வெல்டிங் பட்டறை எந்தப் பக்கம் வரும்னு."

முதலாளி சிரிக்கிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. "வைடா போன. லைன் உன்னோடதுதான்."

விளக்குப் போடும் நேரத்துக்கு டிரைவர்கள் ஈரக்காலோடு ஒவ்வொருவராக டீ குடிக்க வந்தார்கள். கொக்கி புது டிரைவரையும் கூட்டி வந்தான். பஸ் ஓட்டியவருக்கே உரிய கனத்த உடம்பு. வந்தவர் கன்ட்ரோலின் கண்களைப் பார்த்தார். பிறகு மத்தியானம் தனக்கு வழி சொன்ன குரல் இதுதானா என்று மறுபடி பார்த்தார்.

"எனக்கும்தான் தெரியலன்னு நீங்க சொன்னது... நான் தமாஷுன்னு நெனச்சேங்க," என்றார்.

"தமாஷும்தான். உக்காருங்க," என்று கன்ட்ரோல் போனை நீட்டினார். "கையில புடிச்சுப் பாருங்க. என்ன தெரியுது?"

கொக்கி டீ டம்ளரை வாயிலிருந்து எடுத்துவிட்டு அண்ணியைப் பார்த்தான். மகள் ஸ்பான்ஜ் அடுக்கில் சாய்ந்தபடி நிமிர்ந்தாள்.

"பழைய போனு," என்றார் புது டிரைவர்.

"பழைய போனா! தண்ணித் தொட்டியில விழுந்து செத்துப்போன போனு சார் இது."

"செத்துப்போச்சா? அப்புறம் எப்படிப் பேசுது?"

"நல்லாக் கேளுங்க, சொல்றேன். இது செத்துப்போச்சு. கூடவே நானும் போய்ப் படுத்துட்டேன். அப்ப என் பொண்டாட்டி என்ன பண்ணா தெரியுமா? எவனுக்கும் தெரியாம இன்னொரு போன வாங்கி, அதோட உசுர எடுத்து இந்த உடம்புக்குள்ள வச்சுத் தைச்சுட்டா. ஒரு கீறல் கலையல. இத்தன வருஷம் கையில வச்சிருந்த எனக்கே தெரியல! எந்த ஆஸ்பத்திரியில சார் இப்படி ஆபரேஷன் பண்றான்? பெரிய கம்பெனிக்காரன், அவனும் உள்ள ஒரு பூட்டு போட்டு வச்சிருந்தான். கடைசி ஒரே ஒரு சான்ஸ். அதோ நிக்குது பாருங்க, என் பொண்ணு, கை நடுங்காம தெறந்தா."

"இந்தப் பாப்பாவா?" என்றார் புது டிரைவர்.

"பாப்பா இல்ல சார். போன் இஞ்சினியர்!" என்றான் கொக்கி.

டிரைவர்கள் எல்லோரும் ஓவென்று சிரித்தார்கள். மகள் ஸ்பான்ஜ் துண்டு ஒன்றை எடுத்துக் கொக்கி மேல் எறிந்தாள்.

கன்ட்ரோல் முன்னால் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இன்னொண்ணு சொல்றேன் கேளுங்க. பழைய போனுக்குத் தொண்டை கரகரன்னு இருக்கும். இப்ப எப்படிப் பேசுது, கேளுங்க."

ஐந்தை அமுக்கினார். ஐந்து, என்றது போன், அறை முழுக்கக் கேட்கும்படி.

வழக்கமாக இந்த இடத்தில் ஓட ஆரம்பிக்கிற மெஷின் அன்றைக்கு ஓடவில்லை. அண்ணி கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.